சதக் சுக்கானி தராத நம்பர்

கீழக்கரையில் ஒரு ஸ்கூட்டரைக் கண்டால் ஜன்னல் சாத்துகிறார்கள். சாம்பல் நிற வண்டி. ஓட்டி வருவது சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒரு நர்ஸ். அந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டில் எட்டாம் நாள் சாவு விழுந்து ஜனாஸா எடுப்பார்கள் என்று ஊருக்குள் பேச்சு.

வதந்திகளோடு எனக்கு நெடுநாள் பழக்கம். சாதாரண வதந்தி நாள் குறிக்காது. 'சீக்கிரமே' என்று இழுக்கும், 'மேலே பேசி முடித்துவிட்டார்கள்' என்று மழுப்பும். இதுவோ எட்டு என்று கறாராகச் சொல்கிறது. திருப்புல்லாணியில் கேட்டால் பதினொன்று என்றார்கள். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் மூன்று நாள் சலுகை. எண் சொல்லும் வதந்தியைச் சும்மா விடக்கூடாது. பரப்புவதற்கு முன் சரிபார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், கிளம்புவதற்கு முன் இரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

பேச்சின் ஊற்று காஜா நவாஸின் டீக்கடை. பாலை ஆற்றிக்கொண்டே அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆதாரம் இல்லாம நான் பேச மாட்டேன் சார். மூணு வீடு. விரல் விட்டு எண்ணிச் சொல்வேன்."

"சொல்லுங்க."

"மொத வீடு, எங்க தெருவுலயே. மதுரையில பாத்துட்டு, இனி ஒண்ணும் செய்றதுக்கு இல்ல, வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னு அனுப்பிட்டாங்க. அந்த நர்சம்மா வண்டி வந்து நின்னுச்சு. சரியா எட்டாம் நாள் மவுத்தாயிட்டாஹ."

"மதுரையில எத்தனை நாள் தாங்கும்னு சொல்லி அனுப்பினாங்க?"

"ரெண்டு நாள்."

"அப்ப ஆறு நாள் கூடத்தானே இருந்திருக்காரு?"

காஜா நவாஸ் டம்ளரைக் கழுவினார். "அப்படியும் சொல்லலாம்."

இரண்டாவது வீட்டில் ஜனவரியில் வண்டி நின்றது, மே மாதம் மரணம். எட்டு நாளை எப்படிப் பெருக்கினாலும் மே வராது. மூன்றாவது வீடு யாருடையது என்று கேட்டேன். காஜா நவாஸ் தாடையால் பெஞ்சைக் காட்டினார். அங்கே ஒரு பெரியவர் உளுந்து வடையைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"இவரா?"

"போன வருசம் வண்டி நின்னுச்சுல்ல. கொஞ்சம் தள்ளிப் போகுது, அவ்வளவுதான்."

"ஏலே காஜா," என்றார் வடைக்காரர், "என்னைய எண்ணுறதுக்கு முன்னாடி இன்னொரு வடை வை."

மூன்றில் ஒன்றுதான் எட்டு. அதுவும் போனஸ் எட்டு. வதந்தி அங்கேயே படுத்துவிட்டது. நியாயமாக நானும் ராமநாதபுரம் பஸ் ஏறியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அந்தச் சாம்பல் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. பெஞ்சில் இருந்த இருவர் எழுந்து போனார்கள். வடைக்காரர் மட்டும் அசையவில்லை. அவர் எட்டாம் நாளைத் தாண்டியவர்.

நாகலெட்சுமிக்கு நாற்பத்தாறு வயது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, நின்றபடி டீயைக் குடிப்பவர். டீ சூடாக இருந்தால் பாதியில் வைத்துவிட்டுப் போகிறவர். ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி நடத்தும் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் நர்ஸ். ஆஸ்பத்திரியால் இனிக் குணப்படுத்த முடியாதவர்களுக்கும், படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர்களுக்கும் வீடு தேடிப் போய் வலியைக் குறைப்பது, புண் கட்டுவது, குழாய் மாற்றுவது, வீட்டாருக்குப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லித் தருவது அவர் வேலை. செவ்வாயும் சனியும் கடற்கரை. வியாழன் கடலை விட்டு உள்ளே தள்ளிய முதுகுளத்தூர்ப் பக்கம். கல்லூரியின் பெயர் வேண்டாம்; அவர்களும் என் பெயரை எங்கும் சொல்வதில்லை.

வதந்தியை அவரிடமே கேட்டேன்.

"எட்டு நாளா? எங்க ஆபீஸ்ல எட்டு நாள்ல என் பெட்ரோல் பில்லே பாஸாகாது சார். உசுரு எப்படிப் போகும்?" என்றார். உடனே மணியைப் பார்த்தார். "நீங்க எழுதுறவராமே. எழுதுறதா இருந்தா முப்பதாம் தேதிக்குள்ள எழுதுங்க. அதுக்கப்பறம் இந்த வண்டி இங்கன வராது. ஊரு நிம்மதியா இருக்கலாம்."

அப்போதுதான் கதை வதந்தியை விட்டு இறங்கியது.

கல்லூரியில் பதினெட்டு மாதமாக ஓர் ஆராய்ச்சி. முதியோர் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர்கள் பயிற்சிக்காக வீடு வீடாக வந்தார்கள். கடற்கரையில் நூற்றி நாற்பது பேர், முதுகுளத்தூர்ப் பக்கம் நூற்றி நாற்பது பேர். ஆளுக்கு நாற்பத்திரண்டு கேள்வி. அதில் பதினாலாவது கேள்வி வலி பற்றியது. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. இப்போது உங்களுக்கு எத்தனை? பக்கத்தில் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வட்ட வட்டமாகப் படமும் உண்டு.

விடைகள் வந்தன. கடற்கரையின் சராசரி ஒன்றுக்கும் கீழே. முதுகுளத்தூரின் சராசரி ஒன்பதரை. துறைத் தலைவர் டாக்டர் சேதுராமன் கடற்காற்றில் ஏதோ இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். பெங்களூர் மாநாட்டுக்கு அலைகள் படம் போட்டு ஒரு சுவரொட்டியும் தயாரானது. உப்புக் காற்றில் என்ன இருக்கிறது என்று கீழக்கரையின் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். கேட்கவில்லை. இருப்பது ஒரு நர்ஸ், ஒரு வண்டி. வலியே இல்லாத ஊருக்கு நர்ஸ் எதற்கு என்பது நியாயமான கேள்விதானே. ஒன்றாம் தேதி முதல் எல்லா நாளும் முதுகுளத்தூர். கடற்கரைக்கு மாதம் ஒரு ஃபோன்.

"நீங்க வேணும்னா வாங்க, காட்டுறேன்," என்றார் நாகலெட்சுமி. "பின்னாடி உக்காருங்க. பையை மடியில வச்சுக்கங்க. அதுல மார்ஃபின் இருக்கு, விட்டுறாதீங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தத்தை வண்டியின் பின்சீட்டிலிருந்து கேட்டேன். ஒரு கிழவி வாசலில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு, "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். அடுத்த வீட்டைப் பாருங்க," என்றார்.

"பாத்தீங்களா? இதுவும் ஒரு பூஜ்யம்," என்றார் நாகலெட்சுமி.

சதக் சுக்கானியின் வீடு தெருக்கோடியில். எழுபத்தெட்டு வயது. வாலிபத்தில் தூத்துக்குடித் தோணிகளில் சுக்கான் பிடித்து மாலத்தீவு வரை போனவர். பிறகு துபாய்த் துறைமுகத்தில் இருபது வருடம். தோணி போன பிறகும் சுக்கானி என்ற பெயர் போகவில்லை. பிராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் இப்போது முதுகெலும்பில். கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் ஒரு கயிறு தொங்கியது. எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள அவரே சொல்லிப் போடவைத்த முடிச்சு. கயிற்றில் கை படும் இடம் கறுத்துப் பளபளத்தது.

"வாப்பா, எப்படி இருக்கீங்க?" என்றார் நாகலெட்சுமி.

"அல்ஹம்துலில்லா மகளே."

"வலி?"

"அல்ஹம்துலில்லா."

"பத்துக்கு எத்தனைன்னு ஒரு நம்பர் குடுங்க வாப்பா. ஃபாரத்துல போடணும்."

சுக்கானி சிரித்தார். முன்பற்கள் இல்லாத, வஞ்சனையில்லாத சிரிப்பு. "அவன் குடுத்ததுக்கு நான் நம்பர் போடவா? அந்தக் கடன் இருக்கட்டும் மகளே. இன்னொரு நா தாரேன்."

பேசும்போதே அவர் கை கயிற்றுக்குப் போனது. விரல் மூட்டுகள் வெளுத்தன. முகத்தில் அதே சிரிப்பு. அவர் மனைவி லத்தீபா கதவோரம் நின்று நாகலெட்சுமியைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். கணவர் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது மனைவி குறுக்கே புகுந்து 'இல்லை, அவருக்கு வலிக்கிறது' என்று எப்படிச் சொல்வார்?

வெளியே வந்ததும் நாகலெட்சுமி ஃபாரத்தைக் காட்டினார். போன மாதம் வந்து போன டாக்டர் பானுப்பிரியாவின் கையெழுத்து. பதினாலாவது கேள்விக்கு எதிரே முட்டை. அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. சென்னையிலிருந்து படிக்க வந்தவர். சிரித்த முகம், நன்றி சொல்லும் வாய். சிரிக்கும் வட்டத்தை டிக் செய்துவிட்டார். கீழே இன்னொரு வரி: 'வலி இல்லை. மார்ஃபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம்.'

"நிறுத்தப் போறாங்களா?"

"ஒண்ணாந்தேதியில இருந்து. நம்பர் இல்லாம நான் ஃபோன் போட்டு, வலிக்குதுன்னு சொன்னா, டாக்டர் ஃபாரத்தைப் பாத்துட்டு 'ஜீரோன்னு இருக்கே சிஸ்டர்'ங்கிறாங்க. அவங்க மேல என்ன தப்பு. ஆராய்ச்சியில நர்ஸ் சொல்றது வலி இல்லயாம். பேசன்ட் சொல்றதுதான் வலி."

"நீங்களே ஒரு எட்டைப் போட்டுட்டா என்ன?" என்றேன். யோசனை சொல்வதில் எனக்கு என்றுமே தாராளம்.

"தோணாம இல்ல. பேனாவைக் கூட எடுத்துட்டேன் ஒருக்கா." வண்டியை உதைத்தார். "போட்டா அது என் வலி சார்."

வியாழக்கிழமை முதுகுளத்தூர்ப் பக்கம் அழைத்துப் போனார். மிளகாய்க் கொல்லைகள், ஆடுகள், கருவேலம். தவசி என்ற எழுபத்து நாலு வயது விவசாயி எங்களைக் கண்டதும் ஓடி வந்து வரவேற்றார். ஓடி என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

"முழங்கால் எப்படிய்யா?"

"பதினொன்னு."

"பத்து வரைக்குந்தான்யா இருக்கு."

"கூட இருந்தா கூடப் போடுத்தா. எழுத்துல கொறைச்சுப் போட்டா ஆபீசுல இன்னும் கொறைப்பான். போன வருசம் மிளகா போனப்ப எங்க பங்காளி யோக்கியமா நூத்துக்கு முப்பது பங்கு சேதம்னான். நான் முழுச் சேதம்னேன். அவனுக்கு ஒண்ணும் வரல. நம்ம பேரை ஆபீசுக்காரன் நிவாரணக் கணக்குல சேத்தான்." குரலைத் தாழ்த்தினார். "இது எந்தத் திட்டத்தா? வாரிசுக்கும் உண்டா?"

அங்கே வரிசையாகப் பத்து வீடு, பத்துப் பத்து. யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கெடுக்க வருபவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நாற்பது வருடமாக அரசாங்கம் கற்றுத்தந்ததைச் சொன்னார்கள். ஒன்பதாவது வீட்டில் மாரிச்செல்வி என்ற அறுபது வயதுப் பெண். மார்பில் புண். அவரும் பத்து என்றார். மெதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஃபாரத்தில் தவசியின் பத்துக்கும் அவருடைய பத்துக்கும் வித்தியாசமில்லை. ஒரே பேனா, ஒரே கட்டம்.

திரும்பும் வழியில் நாகலெட்சுமி சாலையோரம் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைத்தேன். பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார், மறுபடி திறந்தார்.

"நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான். எங்க அய்யாவும் தவசி மாதிரிதான் சார். தலைவலின்னாலும் உசுரு போகுதும்பாரு, முள்ளு குத்துனாலும் உசுரு போகுதும்பாரு. வீட்ல எல்லாரும் சிரிப்போம். நான் அப்ப மதுரையில பெரிய ஆஸ்பத்திரி ஐசியுல நர்ஸ். பன்னெண்டு வருச சர்வீஸ். எங்க அய்யாவுக்குக் கணையத்துல கட்டி. உசுரு போகுதுத்தான்னு ஃபோன்ல சொன்னாரு. 'சரிய்யா, ஞாயித்துக்கெழமை வாரேன்'னேன்."

"ஞாயித்துக்கெழமை?"

"போனேன். கட்டில் சட்டத்தைக் கடிச்சு வச்சிருந்தாரு. மரத்துல பல்லுத் தடம். அதைப் பாத்துத்தான் நம்புனேன்." தண்ணீரைக் குடிக்காமலே பாட்டிலைப் பையில் வைத்தார். "அதுக்கப்பறம் ஐசியுல நிக்க முடியல. இந்தப் பயிற்சிக்குக் கேரளாவுக்குப் போனேன். சம்பளம் பாதி. வீட்டுக்காரரு ஒரு மாசம் பேசல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாகணும் சார். வாயால சொல்றதை விட்டுட்டு, பல்லுத் தடத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி, வேற எங்கன பாத்தா தெரியும்?"

தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்வது என் தொழில்தான் என்றாலும் அன்று பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்த செவ்வாய் இருபத்தி மூன்றாம் தேதி. கச்சான் காற்று தெருமணலை முகத்தில் வாரி அடித்தது. சுக்கானியின் வீட்டுக்குப் போனபோது மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. லத்தீபா வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"செத்தப் பொறு புள்ள. தொழுவுறாஹ."

ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சுக்கானி கட்டிலில் படுத்திருந்தார். முகம் மேற்கே திரும்பியிருந்தது. தலையை ஒரு விரற்கடை அசைத்தார், அதுதான் குனிதல். இன்னும் கொஞ்சம் அசைத்தார். அதுதான் நெற்றி தரையில் படுவது.

"படுத்துக்கிட்டே தொழலாமா உம்மா?" என்று கேட்டார் நாகலெட்சுமி. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டதுதான்.

"நிக்க முடிஞ்சா நின்னு. முடியலன்னா உக்காந்து. அதுவும் முடியலன்னா படுத்து. அதுக்கும் ஏலலன்னா கண்ணால. அவன் எல்லாத்துக்கும் வழி வச்சிருக்கான்." லத்தீபா முக்காட்டை இழுத்துவிட்டார். "நோன்புக்கு முந்தி, ரஜபு மாசம் வரைக்கும் பள்ளிக்கே போயி நின்னு தொழுத மனுசன். நோன்புல நாற்காலி. பெருநா கழிஞ்சு இந்தக் கட்டில்தான். நேத்து சாயந்தரம் அசருக்குத் தலையும் அசையல. கண்ணாலதான்."

நாகலெட்சுமி என் கையிலிருந்த பையைப் பிடுங்கினார். ஃபாரத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் எழுதினார். நின்று. உட்கார்ந்து. படுத்து. கண். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதம்.

"உம்மா, இதுல வாப்பா கொறைச்சோ கூட்டியோ சொல்லுவாஹளா?"

லத்தீபாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தொழுகையிலயா?" என்றார். "நிக்கத் தெம்பு இருக்கயில உக்காந்தாலும் தப்பு. முடியாதப்ப நிக்கணும்னும் இல்ல. யாருக்குட்டப் பொய் சொல்லுறது?"

அன்று மாலை வரை நாகலெட்சுமி பதினேழு வீடு ஏறினார். வலி என்ற சொல்லையே எடுக்கவில்லை. "பெரியவுஹ தொழுகை எப்படி, நின்னா, உக்காந்தா?" என்று மட்டும் கேட்டார். சாத்திய ஜன்னல்கள் திறந்தன. மரணத்துக்கு நாள் குறிக்கிற நர்ஸ் திடீரென்று மார்க்கத்தைப் பற்றி விசாரிக்கிறாரே என்று சிலர் முழித்தார்கள். என்றாலும் பதில் சொன்னார்கள். இடுப்பிலிருந்து கையை எடுத்த அந்தக் கிழவி ஆறு மாதமாக நாற்காலியில்தான் தொழுகிறாராம். முட்டை போட்டிருந்த பதினேழு பேரில் பதிமூன்று பேர் நின்று தொழவில்லை.

வியாழன் முதுகுளத்தூரில் அதே வித்தை, வேறு வேடம்.

"ஆட்டை யாருய்யா அவுத்து விடுறா?"

"நான்தான். வேற எவன் இருக்கான்," என்றார் தவசி பெருமையாக. "விடியக்காலம் கம்மாய் வரைக்கும் பத்திக்கிட்டுப் போவேன்." சொல்லி முடித்த பிறகுதான் எங்கோ இடித்தது. "ஏத்தா, இதையும் எழுதுறியா?"

மாரிச்செல்வியிடம் தலையை யார் பின்னிவிடுகிறார்கள் என்று கேட்டார். கையைத் தூக்க முடியாமல் நாலு மாதமாகத் தலையில் சீப்பே படவில்லை. நாகலெட்சுமி அங்கேயே உட்கார்ந்து சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். நான் பார்த்தவரை அந்த அம்மாள் முழுசாக உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான்.

இருபத்தி ஒன்பதாம் தேதி கல்லூரியில் கூட்டம். எனக்கு அழைப்பில்லை. பத்திரிகைக்காரன் என்றால் உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு ஊதா ஃபைலை அணைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபைல் வைத்திருப்பவரை எந்த அலுவலகத்திலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

டாக்டர் சேதுராமன் கெட்டவர் இல்லை. ஏழை நோயாளிக்குத் தன் கைக்காசில் படுக்கை வாங்கித் தந்தவர். காகிதத்தில் எழுதியதை நம்புகிறவர், அவ்வளவே. நாகலெட்சுமி எழுந்து நின்று வெள்ளைப் பக்கத்தைப் படித்தார். நின்று, உட்கார்ந்து, படுத்து, கண். ஆடு. சீப்பு.

"சிஸ்டர், நல்ல அப்சர்வேஷன்," என்றார் அவர். "ஆனா இது நிரூபிச்ச அளவுகோல் இல்ல. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்ல? உலகம் பூரா ஜீரோ டு டென்தான்."

ஒரு நாற்காலி நகர்ந்தது. டாக்டர் பானுப்பிரியா எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"சார், அந்த ஜீரோவுல பாதிக்கு மேல நான் போட்டது. எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன், நன்றி சொன்னாங்க. நான் அதை மார்க் மாதிரி எடுத்துக்கிட்டேன். சதக் சாருக்கு மார்ஃபினைக் குறைக்கச் சொல்லி எழுதினதும் நான்தான்."

சேதுராமன் கண்ணாடியைக் கழற்றினார். அப்போது நாகலெட்சுமி ஒரு காரியம் செய்தார். துணிச்சல் என்பதா, வேலைக்கு உலை வைக்கும் புத்தி என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

"சார், உங்க முதுகுவலி பத்துக்கு எத்தனை?"

"எனக்கா? ஒண்ணுமில்லையே. நத்திங்."

"வார்டு ரவுண்ட்ஸ் இப்ப நின்னுக்கிட்டா, உக்காந்தா சார்?"

மூன்று மாதமாக டாக்டர் சேதுராமன் சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து கட்டில் கட்டிலாக உருண்டு போவது கல்லூரி முழுக்கத் தெரியும். மாணவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பயிற்சி நல்ல பயிற்சி. சேதுராமன் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்னத் தலையணையைச் சரிசெய்தார். சரிசெய்ததை எல்லோரும் பார்த்ததையும் பார்த்தார்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அந்தப் போஸ்டர் பிரிண்டுக்குப் போயிடுச்சா?" என்றார்.

"நேத்தே போயிடுச்சு சார்," என்றார் ஒருவர்.

"அலை படம் நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்கு சார்."

"அதை மட்டும் வச்சுக்கலாம். மத்ததை எடுத்துடுங்க."

கடற்கரைப் பாதை ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது. நூற்றி நாற்பது வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும். இந்த முறை இளம் டாக்டர்கள் நாகலெட்சுமியின் பின்னால் நின்று கேட்பார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்று நான் விசாரித்தேன். ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய காலம் அதோடு முடிகிறதாம். நாகலெட்சுமி அன்று கூட்டத்தில் கொடுத்த பிஸ்கட்டைத் தொடவில்லை. மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினார்.

முப்பதாம் தேதி டாக்டர் பானுப்பிரியா தானே கீழக்கரைக்கு வந்தார். சுக்கானியின் கட்டிலருகே உட்கார்ந்து, எதுவும் கேட்காமல், கயிற்றில் இருந்த அவர் கையைச் சற்று நேரம் பார்த்தார். மாத்திரையை நிறுத்தவில்லை. அளவைக் கூட்டினார், இடைவெளியைச் சரிசெய்தார், மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்தார், ராத்திரிக்குத் தனி அளவு எழுதினார். மூன்று நாளைக்கு ஒருமுறை ஃபோன் செய்தார். கேட்டது ஒரே கேள்வி. லத்தீபா ஒரே சொல்லில் பதில் சொன்னார். கண். படுத்து. படுத்து. தலையணை வைத்துச் சாய்ந்து.

பதினாறாம் நாள் நான் போனபோது சுக்கானி நாற்காலியில் இருந்தார். அசர் தொழுது முடித்து அதிலேயே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோய் எங்கும் போகவில்லை. முதுகெலும்பில் அப்படியே இருக்கிறது. உத்தரத்துக் கயிறு காற்றில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. வரும் வழியில் காஜா நவாஸ் வதந்தியைத் திருத்தி வெளியிட்டிருந்தார்: இப்போது எட்டு நாள் இல்லையாம், எண்பது. ஆதாரம் அவரிடம் இருக்கிறதாம்.

நாகலெட்சுமி கைப்பேசியில் புதிய ஃபாரத்தைத் திறந்தார். நின்று, உட்கார்ந்து, படுத்து, கண் என்று நான்கு கட்டம் சேர்த்திருந்தார்கள். பழைய பதினாலாவது கேள்வியையும் விடவில்லை. அதில் ஓர் எண் இல்லாமல் அந்தப் பக்கம் சேமிக்காதாம். இரண்டு வாரமாக சுக்கானியின் ஃபாரம் மட்டும் அரைகுறையாக நிற்கிறது. கல்லூரியிலிருந்து தினம் ஒரு நினைவூட்டல் வருகிறது.

"வாப்பா, இன்னைக்காவது குடுத்துருங்க. பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள, எத்தனை?"

சுக்கானி நாற்காலிக் கையைத் தட்டிப் பார்த்தார். உண்மையாகவே யோசிப்பவர் போல விரல்களை மடக்கினார், ஒன்று, இரண்டு, மூன்று. நாகலெட்சுமி கட்டை விரலைத் திரைக்கு மேலே வைத்துக் காத்திருந்தார். அவர் மடக்கிய விரல்களை மறுபடி விரித்தார்.

"அல்ஹம்துலில்லா," என்றார். "அது இருக்கட்டும் மகளே. எங்கன ஓடிறப் போறேன்."

நாகலெட்சுமி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. பதினாலாவது கட்டம் காலியாகவே இருக்கிறது.